நாலாவது சீட்டு

“கஹான் உத்ரோகே?”

டோம்பிவிலியிலிருந்து மும்பை சிஎஸ்எம்டி போகும் ஃபாஸ்ட் வண்டியில் முன்பின் தெரியாதவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எங்கே இறங்குவார் என்பது தெரிந்தால் போதும். உட்கார்ந்திருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் “காட்கோபர்” என்பார். பத்திரப் பதிவு முடிந்தது. காட்கோபரிலிருந்து அந்த இடம் எனக்கு. நடுவே தாணேயில் ஒரு பயில்வான் ஏறி, அந்த இடத்தையே பார்த்தபடி என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். நின்றுவிட்டுப் போகட்டும். காட்கோபர் வந்ததும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, பயில்வானைத் தாண்டி என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, “ஆயியே” என்று கையைக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

27 வருஷத்தில் இந்த வாக்கு எனக்கு ஒரே ஒரு முறைதான் தவறியது. அதுவும் அவர் தூங்கிப்போய் தாதர் வரை வந்துவிட்டதால்.

இடம் சொல்லிவைக்க முடியாத நாட்களுக்கு நாலாவது சீட்டு இருக்கிறது. பெஞ்சு மூன்று பேருக்கானது. நாலாவதாக ஒருவர் வந்து நின்றால் மூவரும் பெருமூச்சோடு ஓர் அங்குலம் நகர்வார்கள். கிடைத்த இடத்தில் உடம்பில் பாதியை வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை நடைவழியில் ஊன்றிய வலது காலில் தாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கிறோமா நிற்கிறோமா என்று நமக்கே விளங்காத நிலை. முழு எடையையும் பெஞ்சை நம்பி விட்டால் அடுத்த பிரேக்கில் நடைவழியில் இருப்போம்.

ஒரே இடம், பல பேர், ஆளுக்குக் கொஞ்ச நேரம். இதற்கு டைம்ஷேர் என்று பெயர் வைத்து, மலைமேல் கட்டடம் கட்டி, லட்சக்கணக்கில் விற்கிறார்கள் என்பது எனக்குப் போன வருஷம் வரை உறைக்கவில்லை.

போன வருஷம் மே மாதம் கொடைக்கானல் போவது என்று என் வீட்டில் முடிவானது. முடிவான பிறகு எனக்குத் தெரிவிக்கப்பட்டது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது, அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ‘சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்த ஏரியப் பாத்துடணும்.’ அத்தை இதே காரணத்தைச் சொல்லி ஏற்கெனவே காசி, ஷீர்டி, குற்றாலம் எல்லாம் பார்த்துவிட்டார். ரயில் டிக்கெட்டை 60 நாளைக்கு முன்னால்தான் எடுக்க முடியும் என்பதால், அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு மூன்று செல்போன்களோடு உட்கார்ந்து, கல்யாணில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்குவதற்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் பிடித்துவிட்டோம். தங்க இடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். குடும்பத் தலைவன் செய்யக்கூடாத தவறுகளின் பட்டியலில் இது மூன்றாவது என்று பிறகு தெரிந்தது.

மே மாதத்து ஓட்டல் வாடகையைப் பார்த்ததும் எனக்குச் சமவெளியிலேயே குளிர் எடுத்தது. ஓர் இரவுக்கு ஆறாயிரம், அதற்கு மேல் வரி. ஏழு இரவுக்குப் பெருக்கிப் பார்த்த என் மனைவி, “ஏங்க, நாலு நாள் போதும்ல?” என்றாள். “ஏழு நாள்னு சொன்னியேம்மா” என்றார் அத்தை. மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவே கால்குலேட்டரோடு அகப்பட்டுக்கொண்டவனுக்குக் கடவுள் மாதிரி வந்தது ஒரு விளம்பரம். ‘கொடைக்கானல் ரிசார்ட், ஏழு இரவு, டைம்ஷேர் பாயிண்ட் வீணாகிறது, மொத்தம் பதினெட்டாயிரம் மட்டும்.’

கொடுப்பவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். ராஜஸ்தான் எல்லையில் போஸ்டிங், லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் கொடுக்கிறேன் என்றார். சீருடையில் ஒரு படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை என்று வரிசையாக அனுப்பினார். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ‘ஜெய் ஹிந்த்.’ இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்ப்பது ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசின் கிளெய்ம் பிரிவில். அடுத்தவர் சொல்வதைச் சந்தேகப்படுவதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன். ஆஸ்பத்திரி பில்லில் தேதி ஒரு மாதிரி சாய்ந்திருந்தால் மூன்று கடிதம் போடுவேன். அப்படிப்பட்ட நான், ‘ஜெய் ஹிந்த்’ என்று பதில் போட்டு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மன்னிக்கணும் சார், தேதி ஒத்து வரவில்லை, உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், ஒரு க்யூஆர் கோடு வரும், அதை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், ஐயாயிரம் வந்து விழும் என்றார். என்ன நேர்மை என்று கண் கலங்கியபடியே மூன்று எண்களைப் போட்டுவிட்டேன். நாலாவதைப் போடுவதற்குள் மகள் சோபாவிலிருந்து பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

“அப்பா! பணம் வாங்கறதுக்கு யாராவது பின் போடுவாங்களா?”

யூபிஐ வந்தது 2016இல். மகள் அப்போது இரண்டாம் வகுப்போ என்னவோ. பணம் கொடுப்பதற்குத்தான் பின் நம்பர், வாங்குவதற்குத் தேவையே இல்லை என்ற அடிப்படை அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் திரும்ப வருகிற பணத்தைக் கண்டால் மனுஷனுக்கு அறிவு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. உடனே 1930க்குப் போன் செய்தேன். இணைய மோசடி நடந்தால் நாடு முழுவதற்கும் இதுதான் எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டபோது ஐயாயிரம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. ஒரு புகார் எண் கிடைத்தது. அந்தப் படத்தில் இருந்த சிப்பாய் யாரோ, பாவம். அவர் எங்கேயோ நிஜமாகவே எல்லையில் நின்றுகொண்டிருப்பார், அவருடைய முகத்தை வைத்து இங்கே கொள்ளையடிக்கிறார்கள்.

வீட்டில் மூன்று நாள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அத்தை மட்டும் காபியை வைக்கும்போது, “மாப்ள, சூடு இருக்கு, பாத்துக் குடிங்க” என்றார். அதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை.

அந்த மூன்று நாளும் எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அக்காவிடம் பன்னிரண்டு வருஷம் சீட்டுக் கட்டினார். ரசீது கிடையாது. 40 பக்க நோட்டு ஒன்று, அதில் பென்சிலால் ஒரு டிக். சீட்டு நிதிச் சட்டம் 1982இலேயே வந்துவிட்டது, பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக்கூடாது என்பதெல்லாம் எங்கள் சந்துக்குள் ஆட்டோ போலத்தான், நுழைய முடியாது. டோம்பிவிலி வீட்டுக்கு முன்பணம் கட்டியதே அந்தச் சீட்டுப் பணத்தில்தான். “அந்தக்காவ எப்படிப்பா நம்புன?” என்று ஒரு முறை கேட்டேன்.

“அவளை யாருலே நம்புனா?” என்றார் அப்பா. “அவ வீட்டு வாசப்படிய நம்புனேன். விடிஞ்சா அந்த வாசல்ல தண்ணி தெளிக்கணும்லா, எங்க போயிருவா?”

அப்போது சிரித்துவிட்டேன். ஐயாயிரம் போன பிறகு யோசித்தால், என்னுடைய ரயில் கணக்கும் அதுதான். காட்கோபரில் எழுந்து இடம் தருபவர் மகான் ஒன்றும் இல்லை. நாளைக்கும் அதே வண்டி, அதே பெட்டி, அதே முகங்கள். இன்று வாக்குத் தவறினால் நாளை அவருக்கு ஒரு பெஞ்சிலும் அங்குலம் நகராது. ‘ஜெய் ஹிந்த்’காரருக்கும் எனக்கும் நடுவே நாளை என்று ஒன்று இல்லை. வாசல்படி கிடையாது, சீருடை மட்டும்தான் இருந்தது.

ஆனாலும் நாலு பெர்த் இருக்கிறதே! ரயில் ஏற இன்னும் ஐந்து வாரம். கடைசியில் கதையை வண்டியிலேயே அவிழ்த்தேன். எங்கள் குழுவில் ஜன்னல் சீட்டுக்காரர் ஒருவர் உண்டு. டோம்பிவிலியில் இருந்துகொண்டே எதிர்த்திசை வண்டியில் ஏறிக் கல்யாண் போய், அங்கே இறங்காமல் அப்படியே உட்கார்ந்து சிஎஸ்எம்டி வரை வரும் விவேகி. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “என் மச்சானோட பழைய மேனேஜர் புனேல இருக்கார். அவர்கிட்ட பாயிண்ட் இருக்கு. ஆள் ஹண்ட்ரட் பர்சென்ட்” என்றார்.

மச்சானைக் கேட்டேன். அவரும் ஹண்ட்ரட் பர்சென்ட் என்றார். நூறு சதவீதங்களைக் கூட்டிப் பார்த்ததில் இருநூறு வந்தது. ஐயாயிரம் இழந்தவனுக்கு அதுவும் போதவில்லை.

புனேக்காரரிடம் பேசியபோதுதான் இந்த வியாபாரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு விடுமுறை வீட்டை வாரம் வாரமாகக் கூறு போட்டு விற்கும் யோசனை 1960களில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஹாபிமாக் 1963இலேயே தொடங்கிவிட்டது. உங்கள் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்சிஐ நிறுவனம் அமெரிக்காவில் 1974இல் வந்தது. நம் பக்கம் 1986இல் சென்னையில் ஸ்டெர்லிங், பத்து வருஷம் கழித்து மஹிந்திரா. பத்து இருபது வருஷத்துக்கு மேல் நீளும் உறுப்பினர் திட்டங்கள். வாங்கும்போது ஒரு தொகை, அதற்கப்புறம் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். வாரம் என்பது பல இடங்களில் இப்போது பாயிண்ட் ஆகிவிட்டது. மே மாதத்துக்கு அதிகப் பாயிண்ட், மழை மாதத்துக்குக் குறைவு. பயன்படுத்தாவிட்டால் ஒரு நாள் காலாவதி ஆகிவிடும், தயிர் மாதிரி.

புனேக்காரர் வாங்கியபோது அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இருபத்தைந்து வருஷமும் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து ஒருத்தி கனடா, ஒருவன் பெங்களூரு. அவருக்கு முழங்கால் வலி, மனைவிக்கு மலை ஏறினால் வாந்தி, தொண்ணூறை நெருங்கும் அம்மாவைத் தனியே விட முடியாது. கட்டணம் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் இளமையோடு வந்து நிற்கிறது. “நான் லாபத்துக்குக் கொடுக்கலை. இந்த வருஷக் கட்டணத்தைத் தேத்தினா போதும்” என்றார். ஏழு இரவுக்கு இருபத்தோராயிரம்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது இழுபறி. முழுப் பணம் வந்தால்தான் புக் செய்வேன் என்றார் அவர். புக்கிங் காகிதம் வந்தால்தான் பணம் என்றேன் நான். நான்கு நாள் இரண்டு பேரும் ‘குட் மார்னிங்’ பூப்படங்களை மட்டும் அனுப்பிக்கொண்டோம். எனக்குப் பயம் என்பது சரி, அவருக்கு என்ன பயம் என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தாராம். அவர்கள் வீட்டுப் பையன் பந்து விளையாடி டிவியை உடைத்துவிட்டுப் போய்விட்டான். பில் உறுப்பினர் பெயருக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஒருவர் கடைசி நாளில் வரவில்லை என்று சொல்லிவிட்டார், பாயிண்ட்டும் போயிற்று, பணமும் போயிற்று. ஏமாறப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கத்திலும் அதே வேர்வை.

இன்னொன்றும் சொன்னார். காகிதக் கணக்கில் ஒப்பந்தம் கம்பெனிக்கும் அவருக்கும் மட்டும்தான். நான் யாரும் இல்லை. அவருடைய விருந்தாளி. காசு கொடுக்கும் விருந்தாளி. விருந்தாளியை அனுப்பலாம் என்று அவருடைய திட்டத்தில் இருக்கிறது. ஆனால் இதையே தொழிலாகச் செய்தால் கம்பெனிக்குப் பிடிக்காது, பல திட்டங்களின் விதிகளில் அதற்குத் தடை உண்டு. அவர் கட்டணப் பாக்கி வைத்திருந்தாலோ, ரத்து பட்டனை அமுக்கினாலோ, கொடைக்கானல் வாசலில் நாலு பெட்டியோடு நிற்கப் போவது நான். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்கிறது 1872ஆம் வருஷத்துச் சட்டம். அதை நிரூபிக்க திண்டுக்கல்லுக்கும் புனேவுக்கும் அலைவதற்கு ரயில் டிக்கெட்டை யார் எடுப்பது?

இதில் பெரிய ஆட்டம் ஒன்று மும்பையிலேயே நடந்திருக்கிறது. பான்கார்டு கிளப்ஸ் என்று ஒரு கம்பெனி. ரூம் நைட் விற்றார்கள். வாங்கியவர் போய்த் தங்கலாம், தங்காவிட்டால் சில வருஷம் கழித்துப் பணம் பெருகித் திரும்பி வரும் என்றார்கள். இது விடுமுறை வியாபாரமே அல்ல, அனுமதி இல்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2016இல் உத்தரவு போட்டது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம், ஏழாயிரம் கோடிக்கு மேல். அதற்கு முந்தின வருஷம் ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் என்ற இன்னொரு மும்பைக் கம்பெனிக்கும் இதே மாதிரி உத்தரவு. தூங்கவே போகாத அறைகளுக்காகத் தூக்கம் கெட்ட ஜனங்கள். கடையும் போர்டும் வைத்திருந்த கம்பெனியே இப்படி என்றால், வாசல்படி இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. என்ன விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புனேக்காரர் விற்பது ஏழு இரவுத் தூக்கம் மட்டும், பெருகித் திரும்பும் பணம் ஏதும் இல்லை. அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

இழுபறியை முடித்துவைத்தவர் அத்தை. “ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாத்தான் என்ன?” என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ கால் என்று முடிவானது. நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். மனைவி ஹாலைத் துடைத்துக் குத்துவிளக்கைப் படத்தில் விழும்படி நகர்த்திவைத்தாள். அந்தப் பக்கம் புனேக்காரரும் முழுக்கைச் சட்டையில்தான் வந்தார். அவர் தன் வீட்டைச் சுற்றிக் காட்டினார், முன்வாசல், துளசி மாடம், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அம்மா. நான் எங்கள் ஹால், பால்கனி, எதிர்க் கட்டடத்தில் காயும் புடவைகள் எல்லாம் காட்டினேன். என் மனைவி மராட்டியில் அந்தப் பாட்டியிடம் உடம்பு எப்படி என்று கேட்க, பாட்டி முழங்காலுக்கு என்ன எண்ணெய் என்று கேட்க, அத்தை தமிழிலேயே அதற்குப் பதில் சொல்ல, பாட்டிக்குப் புரிந்துவிட்டது. குக்கர் மூன்று விசில் அடித்தது. அசல் பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜி பஜ்ஜி மட்டும்தான் குறை.

போனை வைத்ததும் அத்தை தீர்ப்புச் சொன்னார்: “வாசல்ல நல்லா கோலம் போட்டிருக்காங்க. நாளைக்கும் அங்கதான் இருப்பாங்க.” அப்பா சொன்ன அதே வாசல்படி. அப்பா உயிரோடு இருந்தவரை அத்தைக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

ஆனாலும் கிளெய்ம் பிரிவுக்காரன் அவ்வளவு லேசில் சாய மாட்டான். பேசி முடித்த ஏற்பாடு இது. முதலில் அவர் எங்கள் நாலு பேர் பெயரையும் போட்டு புக் செய்து காகிதத்தை அனுப்புவார். ரிசார்ட்டின் எண்ணை அவரிடம் கேட்காமல் நானே தேடிப் பிடித்து, ரிசப்ஷனில் கேட்டு, பெயரும் தேதியும் இருக்கிறதா, உணவு உண்டா, வேறு ஏதாவது கட்டணம் வாங்குவீர்களா என்று உறுதி செய்வேன். அதற்குப் பிறகு பாதிப் பணம். அனுப்பும்போது திரையில் தெரியும் வங்கிப் பெயரும் காகிதத்தில் இருக்கும் உறுப்பினர் பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் பின் நம்பர். மீதிப் பாதி அறைச் சாவி கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள். டிவிக்கு ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று நான் எழுதித் தர வேண்டும். ஆதாரை முழுசாக அனுப்பாமல், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை அனுப்பினேன். அவர் அதை ரசித்து, “இதை எனக்கும் எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க” என்றார்.

ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். பெயர் இருந்தது. மறுநாளும் செய்தேன். இருந்தது. நாலாவது முறை கூப்பிட்டபோது அந்தப் பெண் என் குரலைக் கேட்டதுமே, “இருக்கு சார்” என்றார்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், திண்டுக்கல், அங்கிருந்து ஒரு வேன். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அது ஹைகோர்ட் உத்தரவு. பாஸை நாலு பிரதி எடுத்து நாலு பையில் வைத்திருந்தேன். மலைப்பாதையில் அத்தைக்குக் காது அடைத்தது, மகளுக்குப் பசித்தது, எனக்கு மட்டும் ஒவ்வொரு வளைவிலும் புனேக்காரர் ரத்து பட்டனை அமுக்குவது கண்ணில் தெரிந்தது. ‘அவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்று ரிசப்ஷனில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நண்பர் என்பது பொய்யில்லை. மச்சானின் பழைய மேனேஜர் என்பது உண்மை, ஆனால் வாயில் நுழையாது.

ரிசப்ஷன்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆதாரைப் பார்த்தார், ரெஜிஸ்டரைத் திருப்பினார், சாவியைக் கொடுத்தார். ஏமாற்றமாகவே இருந்தது. “அவரு எங்க சொந்தக்காரரு மாதிரி” என்று கேட்காமலே சொன்னவர் அத்தை.

பெட்டியைக் கீழே வைத்த கையோடு மீதிப் பாதியை அனுப்பினேன். ஒரு மணி நேரம் என்று பேசியது, ஏழு நிமிஷத்தில் அனுப்பினேன். அந்த அவசரத்துக்கு எனக்கே காரணம் புரியவில்லை. புனேவில் அந்த மனுஷன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எங்களை ஒரு கோட் போட்ட இளைஞர் மடக்கினார். இலவச இரவுச் சாப்பாடு, தொண்ணூறே நிமிஷம், தம்பதியாக வர வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் படம் போட்டார், சாப்பாட்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டார். அடுத்த இருபத்தைந்து வருஷம் நான் ஓட்டலுக்குக் கொடுக்கப்போகும் பணத்தை அவர் கூட்டிக் காட்டியபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. இன்று இரவு கையெழுத்துப் போட்டால் மட்டும் இந்தத் தள்ளுபடி, நாளை காலை கிடையாது என்றார்.

“நாளைக்குக் கிடையாதா?” என்று கேட்டாள் என் மனைவி.

“இல்ல மேடம், இன்னைக்கு நைட் மட்டும்தான்.”

“அப்ப வேண்டாம் தம்பி. நாளைக்கு இல்லாததுல நாங்க பணம் போடறதில்ல” என்று எழுந்துவிட்டாள். அந்தப் பையன் என்ன செய்வான், அவனுக்கும் மாத இலக்கு இருக்கும். பாயசம் நன்றாக இருந்தது.

அத்தை ஏரியைப் பார்த்தார். அடுத்து டார்ஜிலிங்கைப் பார்க்காமல் சாக முடியாது என்று திரும்பும் வழியிலேயே தெரிவித்தார். டிவி உடையவில்லை. கிளம்பும்போது அறையை மூலை மூலையாக வீடியோ எடுத்து, தங்குமிடத்தில் எல்லாம் சரி என்று எழுதி வாங்கிப் புனேக்காரருக்கு அனுப்பிவைத்தேன். பதிலுக்கு அவர் அம்மா, அத்தை சொன்ன எண்ணெயைத் தேய்த்துக்கொள்ளும் படம் வந்தது.

இந்த மார்ச்சில் அவரே கூப்பிட்டார். பாயிண்ட் காலாவதி ஆகப்போகிறது, இந்த வருஷமும் வேண்டுமா, உங்களுக்குத்தானே, பணம் மெதுவாகக் கொடுங்கள் என்றார். மனசு இளகி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். மறுநாள் வண்டியில் இடம் கிடைக்கவில்லை, நாலாவது சீட்டுத்தான். முலுண்டுக்கு முன்னால் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். எனக்கு எதிர் பெஞ்சின் நாலாவது சீட்டுக்காரர், புதுசு, முழு எடையையும் பெஞ்சில் விட்டிருந்தார் போலிருக்கிறது. என் மடியில் வந்து உட்கார்ந்தார். நான் வலது காலை ஊன்றியிருந்ததால் இரண்டு பேரும் தப்பித்தோம்.

புனேக்காரருக்கு இந்த வருஷமும் பாதிதான் அனுப்பினேன். மீதிப் பாதி சாவி வாங்கிய பிறகு. அவரும் கேட்டுக்கொள்ளாமலே புக்கிங் காகிதத்தை முதலில் அனுப்பினார், நானும் ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு முறைதான் போன் செய்தேன்.

‘ஜெய் ஹிந்த்’காரரிடம் போன ஐயாயிரம் இன்னும் வரவில்லை. 1930இல் கொடுத்த புகார் எண்ணை மட்டும் பர்ஸில் வைத்திருக்கிறேன், ரயில் பாஸுக்குப் பின்னால்.